மேசைக்கு அந்தப் பக்கம் மச்சான்

சின்னச்சாமி முதல் தடவை அந்த மாடிப்படி ஏறியது மழைக்கு ஒதுங்கத்தான்.

திருமங்கலத்தில் அவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. சனிக்கிழமை தோறும் செம்புக் கம்பி வாங்க மதுரைக்கு வருவார். அன்றைக்கு டவுன்ஹால் ரோட்டில் நடந்துகொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கம்பிச் சுருளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணில் பட்ட படியில் ஏறிவிட்டார். மேலே லாட்ஜ் ஏதாவது இருக்கும் என்று நினைத்தார். கதவைத் தள்ளினால் உள்ளே அரை இருட்டு. நடுவில் ஒரு தாழ்ந்த மேசை. அதன் கண்ணாடிக்கு அடியில் டிவி போல வெளிச்சம். இந்தப் பக்கம் ஒரு ஸ்டூல், அந்தப் பக்கம் ஒரு ஸ்டூல். குனிந்து உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் தலையைத் தூக்கவே இல்லை. டும், டும், டும், டும் என்று ஒரு சத்தம் மட்டும் அறை முழுக்கக் கேட்டது.

மழை விடுவதற்குள் அவரும் ஒரு டோக்கன் வாங்கிவிட்டார்.

கண்ணாடிக்குள் மேல்பக்கம் நண்டுகள் வரிசை வரிசையாக நின்றன. நண்டா, பூச்சியா என்று சொல்ல முடியாத உருவங்கள். ஆனால் அங்கே எல்லோரும் நண்டு என்றுதான் சொன்னார்கள். வரிசை கலையாமல் இடமிருந்து வலம் போகும். ஓரத்தில் இடித்ததும் ஒரு படி கீழே இறங்கித் திரும்பி வரும். எப்போதாவது உச்சியில் ஒரு பறக்கும் தட்டு குறுக்கே போகும். கீழே நம்முடைய பீரங்கி; பிடியைத் தள்ளினால் நகரும், பொத்தானை அமுக்கினால் சுடும். நண்டுகள் போடும் குண்டுக்கு ஒளிந்துகொள்ள அதற்கு முன்னால் கொஞ்சம் பச்சைச் சுவர். ஒரு குண்டு விட்டால் அது எதிலாவது படும்வரை, அல்லது உச்சிக்குப் போய் மறையும்வரை, அடுத்த குண்டு வராது. நண்டு குறையக் குறைய மிச்சமிருப்பவற்றின் வேகம் கூடும். அந்த டும் டும் சத்தமும் கூடவே விரைவு பிடிக்கும். எல்லாவற்றையும் அடித்துத் தீர்த்தால், ஒரு விநாடி மூச்சு விடலாம். பிறகு அடுத்த கூட்டம் முன்னைவிடத் தாழ்வாக வந்து நிற்கும்.

ஜெயிப்பது என்று அதில் ஒன்றும் கிடையாது. அதுதான் அவருக்குப் பிடித்துப்போயிற்று. கடையில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருக்கும்போதே நாலு பேர் சுற்றி நின்று அவரவர் கிணற்றுக் கதையைச் சொல்வார்கள். இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. நண்டுகள் வந்தன, இவர் அடித்தார். படியிறங்கி வரும்போது ஒரு தூக்கம் போட்டு எழுந்த மாதிரி தலை லேசாக இருந்தது. அதன் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அவர் செம்புக் கம்பியோடு மட்டும் ஊர் திரும்பவில்லை.

தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை அங்கே ஏகக் கூட்டம். கடைக்காரர் வீரணன், தொந்தியைத் தள்ளிக்கொண்டு வந்து, “அண்ணே, இன்னைக்கு ஒத்த ஆளா ஆட முடியாது. ரெண்டு பேரா உக்காரணும். ஒங்க பீரங்கி வெடிச்சா படம் அந்தப் பக்கம் திரும்பிக்கிரும், அவரு ஆடுவாரு. அவரு வெடிச்சா ஒங்க பக்கம்” என்று சொல்லிவிட்டு, சுவரோரம் நின்றிருந்த ஆளைக் கையைப் பிடித்து இழுத்து வந்து எதிர் ஸ்டூலில் உட்காரவைத்தார்.

சின்னச்சாமி நிமிர்ந்து பார்த்தார். கருத்தக்கண்ணன். அவருடைய மனைவி ஜெயக்கொடியின் அண்ணன்.

இரண்டு பேரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சின்னச்சாமியின் மகள் செல்லத்தாய்க்குச் சடங்கு வைத்த அன்று, தாய்மாமன் சீரோடு செக்கானூரணிப் பக்கமிருந்து கிளம்பிய லாரி வழியில் படுத்துக்கொண்டது. நல்ல நேரம் போகிறது, நல்ல நேரம் போகிறது என்று பந்தலில் ஆளாளுக்கு நச்சரித்தார்கள். சின்னச்சாமி, தூரத்து மாமன் முறையுள்ள ஒருவரைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொல்லிவிட்டார். மேளமும் தட்டுகளுமாகத் தெருமுனைவரை வந்த கருத்தக்கண்ணன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, மேளத்தை நிறுத்தச் சொல்லி, வந்த தட்டுகளோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதோடு சரி. பருத்தி விற்க அவரும் மதுரைக்கு வருவார் என்பது சின்னச்சாமிக்குத் தெரியும். அந்த மாடி அவருக்கும் தெரியும் என்பதுதான் தெரியாது.

எழுந்து போனால் பின்னால் நிற்பவர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்குள் வீரணன் டோக்கனைப் போட்டுவிட்டார்.

சின்னச்சாமி ஆடினார். வெடித்தது. படம் தலைகீழாகத் திரும்பியது. கருத்தக்கண்ணன் ஆட ஆரம்பித்தார். அவர் ஆடுவதைப் பார்க்கவே சின்னச்சாமிக்குக் கை துறுதுறுத்தது. குறியும் இல்லை, கணக்கும் இல்லை. பொத்தானைப் போட்டு இடி இடியென்று இடித்தார். தனக்குப் பாதுகாப்பாக இருந்த சுவரைத் தானே சுட்டு ஓட்டையாக்கினார். அப்படியும் எப்படியோ ஒரே ஒரு நண்டு மட்டும் மிஞ்சும்வரை வந்துவிட்டார். அந்த ஒற்றை நண்டு அடிமட்டத்துக்கு இறங்கி, வாலில் தீ வைத்த மாதிரி ஓடியது. கருத்தக்கண்ணன் அதன் பின்னாலேயே ஓடி ஓடிச் சுட்டார். எல்லாக் குண்டும் அது போன பிறகு போயின.

“முன்னாடி அடி மச்சான்! வர்ற எடத்துல அடி!”

சொன்னது தன் வாய்தான் என்பது சின்னச்சாமிக்குச் சொல்லிமுடித்த பிறகே உறைத்தது. கருத்தக்கண்ணன் முன்னால் சுட்டார். நண்டு சிதறியது. கூட்டம் ஓவென்று கத்தியது.

கருத்தக்கண்ணன் தலையைத் தூக்காமல், “எனக்குத் தெரியும்” என்றார்.

அன்று வேறு பேச்சில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை கூட்டமே இல்லாதபோதும் இருவரும் எதிரெதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார்கள். “தட்டு வருது”, “செவுத்துக்குப் பின்னாடி போ”, “இப்ப விடு” என்பதற்கு மேல் பேச்சுப் போகவில்லை. முடிந்ததும் ஒருவர் முன்னால் இறங்குவார். மற்றவர் கொஞ்சம் பொறுத்து இறங்குவார். இப்படியே பொங்கலும் கழிந்தது.

ஒருநாள் சாப்பிடும்போது சின்னச்சாமி ஏதோ நினைப்பில் தனக்குள் சிரித்து, “ஒங்க அண்ணன் இருக்கானே, அவனுக்கு ஓடி ஒளியவே தெரியாது” என்று சொல்லிவிட்டார்.

ஜெயக்கொடியின் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நின்றது. “எங்க அண்ணனா? பேசுனீங்களா?”

“பேசல.”

“பெறகு?”

“வெளையாண்டேன்.”

அவர் எவ்வளவு விளக்கியும் அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சீட்டாட்டத்துக்குத்தான் இப்படி ஒரு பேர் வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அடுத்த சனிக்கிழமை காலையில், நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

மாடியில் அவளைப் பார்த்ததும் கருத்தக்கண்ணன் வாத்தியார் வந்த மாதிரி எழுந்து நின்றார். தங்கச்சியைப் பார்த்தும் இரண்டு வருஷம்தான்.

“நல்லாருக்கியா தாயி?”

“இருக்கேன். உக்காந்து ஆடுண்ணே. என்னதான் பண்ணுறீகன்னு பாக்கத்தான் வந்தேன்.”

அவள் மேசையின் பக்கவாட்டில் நின்றுகொண்டாள். சின்னச்சாமியின் முறை. அன்று அவர் கை அப்படி ஓடியது. ஓரத்து வரிசையை மேலிருந்து கீழ்வரை சுத்தமாகத் துடைத்துவிட்டு அடுத்த ஓரத்துக்குப் போனார். அவள் கேட்காமலேயே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தார்கள்.

“ஓரத்துல இருந்து அடிச்சா அதுக நடந்து வர்ற தூரம் கூடும். எறங்க நேரமாகும்” என்றார் சின்னச்சாமி.

“அதெல்லாம் இல்ல தாயி. அடி வரிசையத்தான் மொதல்ல காலி பண்ணணும்.”

“ஒங்க அண்ணனுக்குப் பொறுமையே கெடையாது ஜெயக்கொடி. உக்காந்த ஒடனே சடசடன்னு சுட்டுத் தீத்துருவான்.”

கருத்தக்கண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரல் மாறியிருந்தது. “பொறுமையப் பத்தி நீ பேசுறியா மாப்ள? லாரி நின்னுபோச்சு, ஆளத் தேடிக்கிட்டு வெயில்ல ஓடுறேன். அரமணி நேரம் பொறுக்க முடியல ஒனக்கு.”

வீரணன் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். ஜெயக்கொடி யாரையும் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னச்சாமியின் கை பிடியிலிருந்து நழுவியது. நண்டுகள் இறங்கிக்கொண்டே இருந்தன. டும் டும் சத்தம் மட்டும் கேட்டது.

“குண்டு விழுது மாப்ள, நகரு! ஏய், நகருய்யா!” கருத்தக்கண்ணன் மேசைக்கு மேலாகக் கையை நீட்டிப் பிடியைத் தள்ளப் பார்த்தார். எட்டவில்லை. பீரங்கி வெடித்துச் சிதறியது.

“பொறுத்திருக்கணும் மச்சான்” என்றார் சின்னச்சாமி. “அன்னைக்கு ராத்திரியே வந்து சொல்லணும்னு நெனச்சேன். வாரதுக்கு மொகம் இல்ல.”

படம் எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. கருத்தக்கண்ணனின் பீரங்கி சும்மா நின்றது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பதுபோல.

“நானும் தெருமுனையோட திரும்பியிருக்கக் கூடாதுதான். புள்ள மொகத்தப் பாத்துட்டாவது போயிருக்கணும்” என்றார். பிறகு, “நல்லா ஆடிக்கிட்டிருந்த. அம்புட்டையும் கெடுத்துட்டேன்” என்றார்.

ஜெயக்கொடி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “ரெண்டு பேருல ஒருத்தர் எந்திரிங்க” என்றாள்.

அண்ணன் எழுந்து இடம் கொடுத்தார். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து, பிடியைச் சட்டுவக் காம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தாள். முதலில் சுடவே இல்லை. ஒரு சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தலைக்கு மேலே அதுகள் நடப்பதை வேடிக்கை பார்த்தாள். “அடி தாயி!” “ஓரத்துக்குப் போ!” “கீழ, கீழ!” என்று இரண்டு ஆண்களும் இரண்டு காதிலும் கத்தினார்கள்.

“ரெண்டு பேரும் சும்மா இருக்கீகளா? அதுகளும் பாவம், எம்புட்டு அழகா வரிசையா வருதுக.”

பாவம் பார்த்துக்கொண்டிருந்தவள் மேலேதான் குண்டு விழுந்தது. “அடப் பாவிகளா!” என்றாள். அதன் பிறகு அவள் பாவம் பார்க்கவில்லை. வீரணனிடம் இன்னொரு டோக்கன் கேட்டு வாங்கினாள். பின்னால் காத்திருந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் அடங்கினார்கள்.

மூவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். திருமங்கலத்தில் இறங்கியதும் கருத்தக்கண்ணன் வேறு பஸ்ஸைத் தேடவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை, கூடவே நடந்து வீட்டுக்கு வந்தார். செல்லத்தாய் வாசலில் மாமனைக் கண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உள்ளே ஓடிப்போய், சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். வளர்ந்துவிட்டாளே என்று அவர் இரண்டு தடவை சொன்னார்.

ஜெயக்கொடி அடுப்படியில் கோழிக் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, கூடத்தில் விவாதம் மறுபடி சூடு பிடித்தது. ஓரமா, அடி வரிசையா? கருத்தக்கண்ணன் வறுத்த நிலக்கடலையைத் தட்டோடு எடுத்து வந்து சிமெண்டுத் தரையில் வரிசை வரிசையாக அடுக்கினார். கீழே ஒரு தீப்பெட்டி, அதுதான் பீரங்கி.

“இங்க பாரு தாயி, இதெல்லாம் நண்டு. மாமன் எப்பிடி அடிக்கிறேன்னு பாரு” என்று மருமகளைக் கூப்பிட்டார்.

அவள் குத்தவைத்து உட்கார்ந்து கவனமாகப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஓரத்துக் கடலையை ஒன்று ஒன்றாக எடுத்து வாயில் போட்டாள்.

“அதுதான், அதுதான்!” என்று சின்னச்சாமி தொடையைத் தட்டினார். “நான் சொன்னது அதேதான்!”

“இரு மாப்ள, இன்னும் ஆட்டமே ஆரம்பிக்கல” என்றார் கருத்தக்கண்ணன், தட்டிலிருந்து இன்னொரு கை கடலையை அள்ளியபடி.