பூப்பந்துக் களத்துக் கேள்வி

வரலாற்றுத் தேர்வுக்கு முதல் நாள் பிற்பகல். சிகாமட் நகரில், தோழி ஷர்மினியின் வீட்டுக் கூடத்தில் லோஷினி பாடநூலை விரித்துக்கொண்டு அமர்ந்திருந்தாள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் மற்றப் பாடங்களில் எத்தனை ‘ஏ’ வாங்கினாலும், வரலாற்றில் தோற்றால் சான்றிதழே கிடையாது. முன்னோட்டத் தேர்வில் இருவருமே அதில்தான் தோற்றிருந்தார்கள். தோற்காமல் என்ன செய்வார்கள்? ஆண்டு தொடங்கியதிலிருந்து மாலைப்பொழுதையெல்லாம் டிக்டாக் தின்றுவிட்டதே!

“ஏய் லோஷி! சோலான் போச்சோர் வந்திருச்சி!”

கசிந்த வினா! ஷர்மினி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். ஆயிரக்கணக்கானோர் இருந்த டெலிகிராம் குழுவில், ‘நாளைக்கு இதுதான், உறுதி’ என்ற முழக்கத்தோடு அது வந்திருந்தது.  லோஷினி பாடநூலைச் சட்டென்று மூடினாள்.

“படி, படி! சத்தமா படி!”

மலாயில் இருந்ததை ஷர்மினி தமிழில் சொன்னாள்: “நீங்க ஒரு தாமானோட இளைஞர் மன்றச் செயலாளர். பேட்மின்டன் கோர்ட்டு லைட்ட யாரு அடைக்கிறதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சண்டை போடுறாங்க. ஒத்துமைய வளர்க்க என்ன செய்வீங்க?”

இருவரும் போட்டி போட்டுக்கொண்டு விடை எழுதினார்கள். பாதி மனப்பாடமானபோது லோஷினியின் பேனா நின்றது. விளக்கை யார் அணைப்பது என்று எந்த ஊரில் சண்டை போடுவார்கள்? இந்தத் தாமானில், இதே குடியிருப்பில், போட்டார்கள். ஷர்மினியின் அப்பா அர்ச்சுனனும் எதிர்வீட்டுச் சீனர் ஆ செங்கும்!

“அலமாக்! இது நான் எழுதினதுடி! ஒங்கப்பாவக் கிண்டல் பண்ண நம்ம கிளாஸ் குரூப்ல போட்டேனே, பயிற்சிக் கேள்வின்னு! அத யாரோ இங்க அனுப்பிட்டாங்க!”

“சும்மா இரு லா. நீ எழுதினதையே அவங்களும் கேக்கலாம்ல?”

“ஒங்கப்பா சண்டைய அவங்களுக்கு யாருடி சொன்னா?”

ஷர்மினிக்கு முதலில் சிரிப்பு வந்தது; பிறகு முகம் வெளுத்தது. லோஷினி பரபரவென்று குழுவில் உண்மையை எழுதினாள். ‘ஆமா, நீதான் கல்வி அமைச்சு!’ என்று ஒருவன் கேலி செய்தான். அடுத்த நொடியே குழுவிலிருந்து அவள் நீக்கப்பட்டாள்.

“நம்பாட்டிப் போறாங்க. நமக்கு இன்னும் சாயங்காலம் முழுசா இருக்கு. வா!” என்று லோஷினி இரண்டு கைப்பேசிகளையும் அள்ளிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கே ஷர்மினியின் அம்மா பேச்சியம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, நாளைக்குச் சோதனை முடியற வரைக்கும் நாங்க அழுதாலும் குடுக்காதீங்க!”

“அழுங்க, அழுங்க. நானும் ஒரு வீடியோ எடுத்துப் போடுறேன்” என்றார் அவர்.

அன்று அந்த வீடு அதிர்ந்தது. ஒருத்தி கேள்வி கேட்க, மற்றவள் கூடத்தில் நடந்துகொண்டே உரக்கப் பதில் சொல்ல, மலாயன் யூனியன் எதிர்ப்பு முதல் அரசியல் சட்டம் வரை பாடநூல் மீண்டும் மீண்டும் புரண்டது. தவறாகச் சொன்னவள் பத்துத் தோப்புக்கரணம் போட்டாள். ஷர்மினிதான் அதிகம் போட்டாள்.

மறுநாள் தேர்வு மண்டபத்தில் லோஷினி வினாத்தாளைத் திறந்தாள். பூப்பந்தும் இல்லை, விளக்கும் இல்லை. பக்கத்து வரிசைகளில் பெருமூச்சுகள் எழுந்தன. அவள் பேனா மட்டும் ஓடத் தொடங்கியது. முன்னால் அமர்ந்திருந்த ஷர்மினியின் முழங்கையும் அசைந்துகொண்டிருந்தது.

தேர்வு முடிவுகள் வெளியான நாளில் லோஷினிக்கு வரலாற்றில் ‘சி’ கிடைத்திருந்தது. தாளை அவள் மடிப்பதற்குள் ஷர்மினி பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள்.

“‘டி’ லோஷி, எனக்கு ‘டி’! பாஸ் லா, பாஸ்!”

எல்லாப் பாடங்களிலும் ‘ஏ’ வாங்கிய மாணவியர்கூட அன்று அப்படிக் குதிக்கவில்லை.