ஒற்றைக்கை முறையின் ஒரே ஆள்

எங்கள் அலுவலகத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் உண்டு. கட்டட வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்வது. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய மென்பொருள் யார் கைபட்டு இன்று ஓடாமல் போகிறதோ, அதைச் சரிசெய்யும்வரை அவர் மேஜையில் அந்த ஹெல்மெட் உட்கார்ந்திருக்கும். என் மேஜைக்கு அது அதிகம் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

நாங்கள் செய்வது சினிமாவுக்கும் தொலைக்காட்சிக்குமான எடிட்டிங் மென்பொருள். பழசை ஓரங்கட்டிவிட்டு எல்லாவற்றையும் புதிதாக எழுதிக்கொண்டிருந்தோம். வீடு மாறுகிறவர்கள் மாதிரி, எதை எடுத்துப்போவது, எதை விட்டுவிடுவது என்று தினமும் சண்டை. யார் எந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள் என்று மென்பொருளே பெயர் சொல்லாமல் எங்களுக்கு எண்ணிக்கை அனுப்பிவிடும். அதை வைத்துத்தான் தீர்ப்பு.

அன்று மதியம், பக்கத்துக் கட்டடத்தின் ஈரச் சுவரை மட்டுமே காட்டும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் எங்கள் தலைவர். எல்லோருக்கும் அவர் தாடி.

"அடுத்தது ஒற்றைக்கை முறை. இதை உபயோகிக்கிறது ஒரே ஒரு ஆள். தினமும் தவறாம உபயோகிக்கிறாரு. ஆனா ஒரே ஆள்."

"அவருக்குச் சிலை வச்சிடலாம் சார்," என்றான் பூனை. சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அறை சிரித்தது.

"அந்த ஆள் எங்க அண்ணன்," என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பூனை தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டான்.

அண்ணன் தொலைக்காட்சித் தொடர்களின் எடிட்டர். பக்கவாதம் வந்து வலது கை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. வெட்டுவது, ஒட்டுவது, ஓடவிடுவது எல்லாம் இடது கை விரல்களுக்குள் அடங்கும்படி அந்த முறையை நான்தான் எழுதினேன். எப்போது போனாலும் கூடத்திலேயே எதிர்கொண்டு, "வெண்ணெய் மாதிரி போகுதுடி," என்பான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பல மாதங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

தாடி தாடியைத் தடவினார். "மறுபடி எழுதணும்னா மாசக்கணக்குல ஆகும். மேலிடத்துக்கு நான் பதில் சொல்லணும்மா. அண்ணன் இப்ப பண்ற வேலையில ஒரு ரெண்டு நிமிஷம் வாங்கிட்டு வா. ஒத்தக் கையில பண்ணதுன்னு போட்டுக் காட்டுறேன். அப்புறம் யாரு வாயத் திறப்பா?"

சனிக்கிழமை போனேன். அண்ணி ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். "வாம்மா. எட்டிப் பாக்கவே மாட்டேங்கிறியே, வழி மறந்துபோச்சோன்னு நினைச்சேன்."

"அண்ணன் உள்ள வேலையா இருக்கானா அண்ணி?"

அண்ணி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். நான் நேராக அவன் அறைக்குப் போனேன்.

"இரு, இரு, அங்க ஒரே குப்பை," என்று பின்னாலேயே காலை இழுத்துக்கொண்டு வந்தான் அண்ணன்.

மேஜைமேல் இஸ்திரி போட்ட துணிகள் அடுக்கியிருந்தன. கீபோர்டு சுவரோரம் நிறுத்திவைக்கப்பட்டு, தலையணை உறைகளுக்குப் பின்னால் பாதி தெரிந்தது. துணிகளை நகர்த்திக் கணினியைப் போட்டேன். நான் முதலில் நிறுவித் தந்த அதே வெர்ஷன், புதுப்பிக்கட்டுமா என்று கேட்டபடி திறந்தது. ஷாட்களை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் ஒரே ஒரு ஷாட், ஒரு வெட்டும் விழாமல், முழுசாகக் கிடந்தது.

"நான் அப்பவே சொன்னேன், அவகிட்ட சொல்லிடுங்கன்னு," என்றாள் வாசலில் நின்ற அண்ணி.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்தான். "கீயெல்லாம் நல்லாதான் இருக்குடி. குத்தம் சொல்லவே முடியாது."

"அப்புறம் ஏன்?"

"கை ஒரு விஷயமே இல்ல. எங்க வெட்டறதுன்னு தெரிய மாட்டேங்குது. முன்னெல்லாம் ஷாட்டே சொல்லும், போதும், என்னை விட்டுடுன்னு. இப்ப பாத்துக்கிட்டே இருக்கேன். எந்த ஷாட்டும் எதுவும் சொல்ல மாட்டேங்குது." பிறகு என்னைப் பார்க்காமல், "நீ அவ்வளவு ஆசையா செஞ்சு கொடுத்தே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அப்படியானால் தினமும் தவறாமல் பயன்படுத்தும் அந்த ஆள் யார்? கேட்ட கணத்திலேயே பதில் தெரிந்துவிட்டது.

என் மேஜைக்கடியில் ஒரு சோதனைக் கணினி இருக்கிறது. காலையில் நாங்கள் வருவதற்குமுன் தானே விழித்து, ஒற்றைக்கை முறையைத் திறந்து, ஒரு ஷாட்டை வெட்டிப் பார்த்து, சரி என்று பச்சை விளக்குக் காட்டிவிட்டு அடங்கும். வெளியே போகும் பிரதி எப்படியோ அப்படியே இருக்கட்டும் என்று அண்ணனுக்குக் கொடுத்த அதே வகைப் பிரதியை அதிலும் நிறுவியிருந்தேன்; நாங்கள் மாற்றும் வரிகள் மட்டும் அன்றன்றிரவே அதில் ஏறிவிடும். அலுவலகத்துக் கணினி என்று எண்ணிக்கையிலிருந்து அதை விலக்கிவைக்க மறந்துபோனேன். நாங்கள் மரியாதையோடு எண்ணிக்கொண்டிருந்த ஆள் அதுதான்.

அண்ணனிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன்.

"என்ன ஷாட் அது?"

"உன்னுதுதான். பழைய தொடர்ல ஒரு பொண்ணு கதவைத் திறப்பாளே."

"எங்க வெட்டுது?"

"நீ வெட்டின இடத்துலதான். கதவு பாதி திறக்கும்போது."

இடது கையால் வலது கையை நீவிக்கொண்டான். "அப்ப அதுக்குத் தெரியுது," என்றான்.

சமையலறையில் குழாய் சொட்டியது. அண்ணி நிறுத்தப் போகவில்லை.

"எடுத்துடச் சொல்றாங்க அண்ணா. எடுத்துடட்டுமா?"

"படத்துக்கு வேணாம்னா எடுத்துடணும். எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த ஷாட்டா இருந்தாலும்." குரல் பழைய எடிட்டரின் குரலாகத்தான் இருந்தது. பிறகு, "டீ குடிச்சிட்டுப் போ," என்றான்.

திங்கட்கிழமை தாடியிடம், "அந்த ஒரு ஆளும் இல்ல சார்," என்றேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டு எழுந்து நின்றுவிட்டார். "ஐயோ, உயிரோடதான் இருக்கான்," என்று அவசரமாகச் சொல்லி, கணினியின் கதையையும் சொன்னேன். அந்த முறையை வேறு யாராவது எடுக்கட்டும் என்றார். வேண்டாம் என்று நானே உட்கார்ந்து, எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். காலையில் அதை ஓட்டிப் பார்க்கும் சோதனையை மட்டும் எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் காலை சோதனைக் கணினியில் சிவப்பு விளக்கு. பின்னால் பூனை ஹெல்மெட்டோடு நின்றான்.

"யாரு உடைச்சது?"

"நான்தான். வை."

"அந்தச் சோதனையைத் தூக்கிட்டா முடிஞ்சுது. ஒரு நிமிஷ வேலை."

"தெரியும்."

அவன் ஹெல்மெட்டை மெதுவாக வைத்துவிட்டுப் போனான். நான் குனிந்து, அந்தக் கணினியின் திரையைப் போட்டேன். வெட்டு இல்லாததால் ஷாட் ஓடிக்கொண்டே இருந்தது. கதவு முழுசாகத் திறந்தது. இத்தனை காலமும் நான் பார்த்தேயிராத அறைக்குள் அந்தப் பெண் வந்தாள், நடுவில் நின்றாள், செய்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் கைகளைத் தொங்கவிட்டாள். பிறகு கேமராவுக்குப் பின்னால் இருந்த யாரையோ பார்த்து, "போதுமா?" என்று கேட்டாள்.

ஷாட் ஓடியது.