நல்ல அண்ணன்மாருக்கு ஒரு விருந்து

"ஏழாம் மாசம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மிங்தே. இந்த வாதத்துக்கு மட்டும் தன் மனைவி யூசியாவிடம் மறுபேச்சு இருக்காது என்று நம்பித்தான் சொன்னார். ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் எண் ஏறியிருந்தது. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று தெரியும் என்ற டாக்டரம்மா, கொஞ்சம் பொறுத்து ரத்தத்தையே மறுபடி பார்க்கலாம், முடிவு உங்களுடையது என்றும் சொல்லிவிட்டாள். அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்கினார் மனிதர்.

சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பாதாளக் கதவு திறந்து ஆவிகள் தைவானின் தைனான் நகரத் தெருக்களில் திரியும். அந்த மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, உடம்பில் கத்தி படவிடுவதில்லை. போன வருஷம் இதே மாதம் கார் வாங்கக் கிளம்பிய மகனைப் பாதி வழியில் திரும்ப வைத்தவள் யூசியா.

மறுநாள் அவளே சொன்னாள். "பதினஞ்சாம் நாள் மத்தியானம் உனக்கு ஊசி. இந்த மாசம் எவனும் வரமாட்டான்ல, கேட்ட உடனே குடுத்துட்டாங்க."

"பேய்க்குப் படைக்கிற அன்னைக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"வாயக் கழுவு! பேய்னு சொல்லக் கூடாது, நல்ல அண்ணன்மாருன்னு சொல்லு. ஏன்டா கிழட்டுக் குரங்கே, ரிப்பேருக்கு ஸ்கூட்டர் கொண்டு வர்றவன்கிட்டல்லாம் தொறந்து பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு கடைல உக்காந்து அளக்கிற இல்ல?"

"ஸ்கூட்டருக்கு வலிக்காது."

உண்மையில் வலியில் அவருக்குப் பயமில்லை. புற்று என்று தெரிந்துவிட்டால் இவள் தன்னைத் திட்டுவதை நிறுத்திவிடுவாளே என்றுதான் பயம். பரிதாபமாகப் பார்க்கிற யூசியாவோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது?

பதினைந்தாம் நாள், வரவில்லை என்று சொல்லிவிடும் முடிவோடு வாசலுக்கு வந்தார். மேசையில் முழுக்கோழி, நூடுல்ஸ் பொட்டலங்கள், அரிசி மது. வருகிறவர்கள் முகம் கழுவத் தண்ணீரும் துண்டும். நடுவில் வாழைப்பழமும் பேரிக்காயும். அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர்கள் மொழியில் வாழைப்பழத்தின் பேர் 'கூப்பிடு' என்று காதில் விழும், பேரிக்காயின் பேர் 'வா' என்று. இந்தப் படையலில் அந்த இரண்டையும் எவரும் வைக்கத் துணிய மாட்டார்கள்.

"என்னடி இது? ஊர்ல இருக்கிறதெல்லாம் இங்க வந்து உக்காந்துக்குமே!"

"வரட்டும். எல்லாரும் இங்கயே வரட்டும். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தர்கூட இருக்கக் கூடாது." பேரிக்காயை நேராக்கி வைத்தாள்.

சொல்ல வந்ததை விட்டுவிட்டு மிங்தே செருப்பை மாட்டினார். "நீ வரலையா?"

"நான் வந்துட்டா இவங்கள யாரு உபசரிக்கிறது? போ, பையன் வண்டியோட நிக்கிறான்."

காரில் ஏறிக் கதவைச் சாத்துமுன் திரும்பிப் பார்த்தார். ஆளில்லாத வெயிலைப் பார்த்துக் கைநிறைய ஊதுபத்தியோடு நின்றிருந்தாள் யூசியா. "சாப்பிடுங்க, அண்ணன்மாரே" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். "மெதுவா சாப்பிடுங்க. இன்னும் நெறைய இருக்கு, உள்ள இருக்கு. எங்கயும் போயிடாதீங்க."