இரவில் கசியாத துப்பாக்கி

எழுபத்திரண்டு மணி நேரம். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குத் தன் பழைய காற்றுத் துப்பாக்கியை விற்றுக் கையில் கொடுக்கும்போது பல் டாக்டர் வைத்த கெடு அது.

"வியாழக்கிழமை ஆறு மணிக்குள்ள கொண்டு வந்தா பணத்தை அப்படியே திருப்பித் தந்துடறேம்மா. அதுக்கு மேல ஆச்சுன்னா அது உன் துப்பாக்கி. ஒண்ணுக்கு ரெண்டு தடவை யோசிச்சுக்கோ. இதை வாங்கறதுக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டு இருக்கார்."

பூனை தலையை ஆட்டினாள். வீட்டிலும் துப்பாக்கி சுடும் கிளப்பிலும் அவளுக்கு அதுதான் பெயர். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

அதற்கு முந்தைய இரண்டு வாரமும் அவள் தலை கிறுகிறுத்துக் கிடந்தது. கிளப்பின் பொதுத் துப்பாக்கி பழுதாகிவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு. நான்கு வருடமாக ஓரத்தில் நின்று சுட்டவளின் பெயர் இப்போதுதான் முதல்முறையாக அதில் வந்திருந்தது. சொந்தத் துப்பாக்கி இல்லாதவர்கள் வரவேண்டியதில்லை என்று செக்ரட்டரி சொல்லிவிட்டார்.

காற்றை முன்பே அழுத்தி அடைத்து வைத்துக்கொள்ளும் வகைதான் வேண்டும் என்பதுவரை எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதற்கு மேல் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கடைக்காரர் புதிதாக வாங்கு என்றார். செக்ரட்டரி, காற்றடிக்கச் சிலிண்டர் இல்லாமல் அந்தப் பக்கமே போகாதே என்றார். அவள் வேலை பார்க்கும் குடிநீர்ப் பரிசோதனை லேபில் குளோரின் பார்க்கும் அண்ணன் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் அவருக்கும் ஒரு கருத்து இருந்தது. பூனை கையிலிருந்த பணத்துக்குப் புதுத் துப்பாக்கி வரும், காற்றடிக்கப் பம்பு வராது. பம்பு வாங்கினால் பாதித் துப்பாக்கிதான் வரும். காற்றில்லாத துப்பாக்கியை வைத்துக்கொண்டு கொடியில் துணிதான் காயப்போடலாம். டாக்டருடையது பழசு, ஆனால் கைப்பம்போடு சேர்த்து அவள் பணத்துக்குள் அடங்கியது.

வீட்டில் அத்தை இருந்தாள். அப்பாவின் தங்கை. முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடை தைத்து, பூனையைப் படிக்க வைத்தவள். துப்பாக்கிப் பெட்டியைப் பார்த்ததும் காலை மெஷினிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வயசுப் பொண்ணுங்க வீட்டுக்கு என்னென்னவோ வாங்கிட்டு வருது. நீ இதைத் தூக்கிட்டு வர்றே."

"இது விளையாட்டுக்கு அத்தை. காகித அட்டையைத்தான் சுடுவோம்."

"அட்டை உனக்கு என்னடி துரோகம் பண்ணிச்சு? சுண்டு விரலால கூட நான் இதைத் தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

அப்படிச் சொன்னாலும், குண்டு தாங்குவதற்கு ஒரு சாக்கு நிறைய வெட்டுத் துணியை அடைத்துக் கொடுத்தவளும் அத்தைதான். பூனை அதைக் கூடத்தின் கடைசிச் சுவரில், கனமான பலகைக்கு முன்னால் சாய்த்து வைத்தாள். பிறகு டாக்டர் காட்டியதை எல்லாம் தனக்குத் தானே வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். கொண்டியைப் பின்னால் இழுக்கணும், குண்டை வைக்கணும், மூடணும். மீட்டரில் காற்றழுத்தம் இருநூறு பார். ஒரு குண்டுக்கு இரண்டு பார் இறங்கும். அத்தை காஜா எடுத்துக்கொண்டே, "சத்தமா சொல்லேன், ஜெபம் பண்றியா?" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் மீட்டர் இருநூறில் அசையாமல் நின்றது. பூனை நிம்மதியாக வேலைக்குப் போனாள். மாலையில் வந்து பார்த்தால் நூற்றெழுபது.

அவள் இன்னும் ஒரு குண்டுகூடச் சுட்டிருக்கவில்லை.

மறுநாள் குளோரின் அண்ணனிடம் கேட்டாள். "பம்பு அடிக்கும்போது காத்து சூடாகும். ஆறினா அழுத்தம் குறையும். எட்டாங்கிளாஸ் பாடம்" என்றார். ஆனால் டாக்டர் காற்றடித்தது திங்கட்கிழமை. ராத்திரி முழுக்க ஆறிய பிறகும் காலையில் இருநூறுதானே இருந்தது? பகலில் வெயில் ஏறினால் அழுத்தம் கூடத்தான் வேண்டும், ஏன் குறைகிறது? அண்ணன் கண்ணாடிக் குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி, "அதான் எனக்கும் புரியல" என்று கழன்றுகொண்டார்.

செவ்வாய் இரவே அவள் பம்பின் மேல் ஏறி நிற்காத குறையாக அழுத்தி இருநூறுக்குக் கொண்டுவந்திருந்தாள். தோள்பட்டை விட்டுப் போயிற்று. எல்லா இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. புதன் காலையிலும் இருநூறு. புதன் மாலை நூற்று அறுபத்திரண்டு.

இரவில் கசியாமல் பகலில் மட்டும் கசியும் பொருள் உலகத்தில் ஏதாவது உண்டா? நான் வேலைக்குப் போவது இதற்கு எப்படித் தெரிகிறது? படித்த பௌதிகம் எல்லாம் அவளைப் பார்த்துக் கைகட்டி நின்றது. கசிவு பிடிபடும்வரை ஒரு குண்டும் சுடுவதில்லை என்று முடிவு செய்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கல்லூரியில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்று மாலை ஒரு பள்ளிக்கூட ஆயா வந்து முன்னறையில் சண்டை போட்டாள். "மூணு நாளா ஒரு காலர் வைக்க முடியலையா உங்களுக்கு?"

"வேலை நெருக்கடிம்மா" என்றாள் அத்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டு பூனையிடம், "காத்து நின்னுச்சாடி?" என்று கேட்டாள்.

"இல்ல அத்தை. திருப்பிக் கொடுத்துடலாம்னு தோணுது."

"கொடுத்துட்டா ஞாயித்துக்கிழமை?"

"போகல."

அத்தை கத்தரிக்கோலை எடுத்தாள், வைத்தாள்.

கடைசி வழியாகச் செக்ரட்டரி போனில் ஒரு யோசனை சொன்னார். துப்பாக்கிக் குழாயின் வாயில் பலூனை மாட்டிக் கட்ட வேண்டும். உள்ளே கசிந்தால் பலூன் உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். புதன் இரவும் பம்பு அடித்ததில் வியாழன் காலையில் மீண்டும் இருநூறு. பூனை அத்தையின் நூற்கண்டிலிருந்து ஒரு முழம் அறுத்து, சிவப்புப் பலூனைக் கன்னாபின்னாவென்று சுற்றிக் கட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். மாலை பர்மிஷன் போட்டுச் சீக்கிரம் வந்தாள். பலூன் வாடிய பூப்போலத் தொங்கியது. உள்ளே மூச்சளவு காற்றில்லை. முடிச்சு கச்சிதமாக, நுனி ஒட்ட நறுக்கியிருந்தது. அவசரத்திலும் நன்றாகத்தான் கட்டியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மீட்டரில் நூற்று ஐம்பத்து நான்கு.

அவள் பெட்டியை மூடினாள். மூடும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"நானும் வர்றேன்" என்றாள் அத்தை. "இந்தக் கடவாப் பல்லு ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கு."

டாக்டரின் அறையில் வேறு நோயாளி இல்லை. அவர் அத்தையைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கை இழுத்து, வாயின் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் துப்பாக்கிப் பக்கம் திரும்பினார்.

"கசியுதா? என் துப்பாக்கியா? ஆறு மாசம் பரண்ல போட்டிருந்தேன், ஒரு பார் இறங்கலையேம்மா."

"பகல்ல மட்டும் இறங்குது டாக்டர்."

"பகல்ல மட்டும்." அவர் அந்த வார்த்தையை ஒருமுறை மென்று பார்த்தார். சின்னக் கண்ணாடியை அத்தையின் வாய்க்குள் விட்டுக்கொண்டே கேட்டார். "வேற யாரும் எடுத்துச் சுடலையே?"

"வீட்ல அத்தை மட்டும்தான் டாக்டர். அவங்க சுண்டு விரலால கூடத் தொட மாட்டாங்க."

அத்தை தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள்.

"வலிக்குதா? பல்லு நல்லாத்தானே இருக்கு. இன்னும் கொஞ்சம் திறங்க." டாக்டர் பூனையைப் பார்த்தார். "எனக்கும் புரியலம்மா. பிரிச்சுப் பார்த்தாதான் தெரியும். உன்னை ஏமாத்தினேன்னு பேர் வேண்டாம். பணத்தை வாங்கிக்கோ. இன்னொருத்தர் நாளைக்கே எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்கார்."

சுவர்க் கடிகாரத்தில் ஆறாக எட்டு நிமிடம் இருந்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தார். பூனை பெட்டியைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். பிடியிலிருந்து விரல்கள் உடனே வரவில்லை.

அத்தை மறுபடி ஏதோ சொன்னாள். பஞ்சு அதை விழுங்கிவிட்டது.

"ஒரு நிமிஷம் அத்தை. முடிஞ்சிடுச்சு" என்றாள் பூனை, திரும்பாமல்.

நாற்காலி கிரீச்சிட்டது. அத்தை எழுந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டிய காகிதத் துணி ஒரு பக்கம் தொங்க, கன்னத்திலிருந்து ஒரு பஞ்சை உருவினாள், இன்னொன்றை உருவினாள். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமல், பூனையையும் பார்க்காமல், மேஜைமேல் இருந்த பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"அது கசியலடி. நான்தான் சுட்டேன். இன்னிக்கு மட்டும் இருபத்திமூணு."