ஐந்தரை வயசுக்கு ஏத்த வேலை

வெசாக் பண்டிகைக்கு எங்கள் தெருவில் போட்ட தன்சலில், அதாவது போவோர் வருவோருக்கெல்லாம் இலவசமாகச் சாப்பாடு போடுகிற தானப் பந்தலில், என் மகள் செனுலிக்கு ஒரு வேலை வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். வயசு ஐந்தரை. விடிந்ததிலிருந்து வெள்ளைக் கவுனோடு, "என் வேலை எங்கம்மா?" என்று என் பாவாடையை விடவில்லை.

அடுப்புப் பக்கம் விட முடியாது. தட்டுக் கழுவ விட்டேன். தட்டைவிட அவள்தான் அதிகம் நனைந்தாள். தண்ணீர் ஊற்ற விட்டேன். ஒரு பெரியவர் மடியில் ஊற்றிவிட்டு, "போதுமா தாத்தா?" என்று கேட்டாள்.

தெருச் சங்கச் செயலாளர் குலரத்ன பார்த்துக்கொண்டே இருந்தார். "தங்கச்சி, இந்த வயசுக்கு ஏத்த வேலை ஒண்ணுதான் இருக்கு. திங்கிறது," என்றார் என்னிடம்.

செனுலியின் உதடு பிதுங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் நாங்கள் மட்டும் என்ன கிழித்துவிட்டோம்? இரண்டு அண்டா மரவள்ளிக்கிழங்கு அவித்து, தொட்டுக்கொள்ள மிளகாய்க் கட்டைச் சம்பலும் இடித்து வைத்திருக்கிறோம். மத்தியானம் தாண்டியும் கால் அண்டாகூடக் குறையவில்லை. அடுத்த சந்தியில் ஐஸ்கிரீம் தன்சலாம். கண்டி ரோட்டில் போகிற சனமெல்லாம் அங்கேதான் பறந்தது. தானத்துக்கு அவித்த கிழங்கைச் சாயங்காலம் குப்பையில் கொட்டினால் வருஷம் முழுக்க ஊர் சிரிக்கும்.

"அவ கொடி பிடிக்கட்டும்," என்றேன். வண்டிகளை மறித்துச் சாப்பிடக் கூப்பிடுகிற கொடி அது. "நீங்க பிடிச்சு ஒருத்தனும் நிக்கல. இவ பிடிச்சா என்ன குறைஞ்சிடும்?"

குலரத்ன வேண்டாவெறுப்பாகக் கொடியை நீட்டினார். அவள் கவுனைப் பின்னாலிருந்து இறுகப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். முதலில் வந்தது ஒரு லொறி. கொடியை ஆட்டினாள். நின்றது.

"சாப்பிட்டுத்தான் போகணும் மாமா."

"அவசரம் மகள். அடுத்த சந்திக்கு ஐஸ்கிரீம் கொண்டு போறேன்."

போட்டித் தன்சலின் லொறியையே மறித்துவிட்டாளே என்று கவுனைப் பின்னால் இழுத்தேன். அவள் நகரவில்லை. "தன்சல்ல வேணாம்னு சொல்லக் கூடாது மாமா. இது என் முதல் வேலை," என்றாள், கண்ணில் தண்ணீர் முட்ட. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்ததென்று பெற்றவள் எனக்கே தெரியாது.

பிள்ளை கூப்பிட்டு மறுத்தால் பாவமென்று டிரைவரும் கூட வந்தவனும் இறங்கினார்கள். சம்பலின் காரத்துக்குக் கிழங்கு, கிழங்குக்கு மறுபடி சம்பல் என்று அரை மணி நேரம் ஓடியது. அதற்குள் அடுத்த சந்தியில் ஐஸ்கிரீம் தீர்ந்து, வரிசையில் காத்திருந்தவர்கள் லொறியைத் தேடி இங்கேயே வந்துவிட்டார்கள். வந்தவர்களைச் சும்மா விடுவாளா? கொடியைக் காட்டிக் காட்டி எல்லாரையும் எங்கள் வரிசையில் நிறுத்தினாள். ஒரு அண்டா காலியானது.

லொறி கிளம்பியதும் சனமும் அதன் பின்னால் போனது. செனுலி கொடியைக் குலரத்னவின் கையில் திணித்தாள்.

"நீங்க பிடிங்க மாமா. எனக்கு ஏத்த வேலை அங்கதான் இருக்கு."

என் கையைப் பிடித்து ஐஸ்கிரீம் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்த்தேன். குலரத்ன ஒரு பஸ்ஸுக்குக் கொடியை ஆட்டினார். அது நிற்காமல் போனது. அடுத்ததும் போனது.

"தங்கச்சி, இன்னும் ஒரு அண்டா இருக்கு. பிள்ளையைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க," என்று கத்தினார்.

செனுலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நான் வேலையா இருக்கேன்னு சொல்லும்மா," என்றாள்.