சமையலறையிலிருந்து வந்த பதில்

முனைவர் பட்டம் வாங்கியவுடன் வேலை வந்து கதவைத் தட்டும் என்று நினைப்பவர்கள் புண்ணியவான்கள். அதற்குப் பிறகும் இரண்டு வருடம் இங்கே, மூன்று வருடம் அங்கே என்று ஊர் ஊராக ஆராய்ச்சி செய்ய வேண்டும். அந்த இடத்துக்கும் அடிதடி. கல்லூரியில் அவன் மனைவியின் ஆராய்ச்சி ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. விண்ணப்பித்த இடமெல்லாம் கையை விரித்துவிட்டது. மிச்சம் கடல் தாண்டி ஒரே ஓர் ஆய்வகம். அதற்குத்தான் இன்று கணினித் திரையில் நேர்காணல்.

அவள் கணினியில் அணுக்களை அடுக்கிப் பார்ப்பவள். வெப்பத்தை மின்சாரமாக்கும் ஒரு புதுப் பொருள் அவள் கணக்கில் ஜம்மென்று வந்திருந்தது. அவன் அதே கல்லூரியில் நிரந்தர வேலையில் இருப்பவன். பொடியை அழுத்தி, உலையில் சுட்டு, அந்தப் பொருளை வில்லையாக்கிப் பார்ப்பவன். சுட்ட வில்லையெல்லாம் ஆறும்போது விரிசல் விட்டது. அவனுக்கு அவள் வைத்த பெயர் 'அடுப்பு'. அவளுக்கு அவன் வைத்தது 'கணக்கு'. வீட்டுச் சண்டையில் பாதி இந்த விரிசலைப் பற்றித்தான்.

"கிச்சன்லயே இரு. மூச்சு விடக் கூடாது," என்று மிரட்டிவிட்டுத்தான் அவள் திரை முன்னால் உட்கார்ந்தாள்.

அவனும் சமர்த்தாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். வேலை கிடைக்க வேண்டுமே என்று ஒரு மனம். கிடைத்தால் போய்விடுவாளே என்று இன்னொரு மனம்.

"உங்க கணக்குப்படி இது உறுதியான பொருள். எங்க லேப்ல செய்யற ஒவ்வொண்ணும் உடையுதே, ஏன்?" என்று திரையில் அந்த ஆய்வகத்துப் பேராசிரியை கேட்டார். அவரும் தமிழ்க்காரர்.

"அது... என் மாடல்ல..." என்று அவள் இழுத்தாள்.

"ஆற விடுறதே அதுல கிடையாது! ஒரு பக்கம் ஜாஸ்தி சுருங்குது, ஒரு பக்கம் கம்மியா சுருங்குது. விரிசல் விடாம என்ன பண்ணும்? எத்தனை வாட்டி சொல்றது!"

சொன்னது சாட்சாத் அவனேதான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. கெட்டது குடி!

"யாருங்க அது?" என்றார் பேராசிரியை.

"என் வீட்டுக்காரர். உலை வேலை பாக்குறவர். அவர் சொல்றது சரிதான், குளிர்றத நான் சேக்கல," என்றாள் அவள். கூடவே, "சேக்கணும்னா உடைஞ்ச துண்டுங்களும் வேணும், பெரிய கம்ப்யூட்டரும் வேணும். உங்ககிட்ட ரெண்டும் இருக்கு," என்றாள்.

திரையில் யாரோ சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பா, நக்கலா என்று இருவருக்கும் விளங்கவில்லை. இரண்டு நாள் அவள் அவனோடு பேசவே இல்லை. அவன் பாத்திரம் கழுவினான், துணி மடித்தான், காலில் விழாத குறைதான்.

மூன்றாம் நாள் மெயில் வந்தது. வேலை அவளுக்கே. முதல் வேலையாக அந்தக் குளிர்ச்சியைக் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்.

அவன் குதித்தான், அவளை அப்படியே தூக்கிச் சுற்றினான். இறக்கிவிட்டதும் பொலபொலவென்று அழுதுவிட்டான்.

"மக்கு, அன்னைக்கு நீ வாய மூடிட்டு இருந்திருந்தா நான் இங்கயே இருந்திருப்பேன்ல?" என்றாள் அவள்.

"தெரிஞ்சிருந்தா இன்னும் சத்தமா கத்தியிருப்பேன், போடி," என்றான் அவன்.