வாளிப் பாட்டு

காணிக்கைப் பாட்டுக்குச் சரியாகக் கரெண்ட் போய்விட்டது. சின்னப்பன் கீபோர்டை அழுத்தி அழுத்திப் பார்த்தான். வெறும் பலகையாகக் கிடந்தது. மைக்கும் செத்துவிட்டது. ஆந்திர எல்லையில், விஜயபுரம் பக்கத்து அந்தச் சின்ன மாதா கோயிலில் அறுபது எழுபது பேர் உட்கார்ந்திருந்தும், ஒரு சத்தம் இல்லை.

"இன்னா சின்னப்பா, குவைத்துப் பொட்டி மூச்சு வுட்டுச்சா?" என்றாள் பாப்பாத்தி, பெண்கள் பக்கத்திலிருந்து. நாலு பேர் சிரித்தார்கள். அவன் மனைவி பத்மினி மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மடியில் மூடிக் கிடந்த பாட்டு நோட்டின்மேல் கையை வைத்தபடி பீடத்தையே பார்த்திருந்தாள்.

அவன் குவைத்தில் டிரைவராக இருந்த ஐந்து வருஷமும் இந்தக் கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். முதல் அடியை அவள் தூக்கினால் போதும், வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்த ஆண்கள்கூடக் குரலெடுத்துப் பாடுவார்கள். ஏழாவது வரை தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ்ப் பாட்டையும் தெலுங்கு எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாள். அந்த எழுத்தில் ழகரம் கிடையாது. 'வாழி தாயே வாழி' அவள் நோட்டில் 'வாளி தாயே வாளி' ஆகி, அப்படியே ஊர் வாய்க்கும் போய்விட்டது.

கீபோர்டோடு வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை சின்னப்பன் மைக்கைப் பிடித்தான். "வாளின்னா பக்கெட்டு! மாதாவுக்கு பக்கெட்டா குடுக்கிறீங்க? இனிமே நானும் இந்தப் பொட்டியும் மைக்குல பாடறோம், நீங்க கேட்டுக்கினு இருங்க." கோயிலே சிரித்தது. பிள்ளைகள் அவளை 'பக்கெட் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அன்றைக்கு வாயை மூடியவள்தான். அவள் பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக அடங்கிப்போனார்கள்.

வீட்டில் அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மறுபடி பாடச் சொல்லி ஒரு தடவை கெஞ்சினான். "எனுக்கு எதுக்கு மாமா? உன் பொட்டிதான் தப்பில்லாம பாடுதே" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. திருவிழாப் பூசையைப் பதிவு செய்து அவள் அனுப்பிய கேசட்டை, குவைத்தில் வெள்ளிக்கிழமைதோறும் போட்டுக் கேட்டிருக்கிறான். பாப்பாத்தியின் இருமல், எப்போதும் அரை அடி பிந்தி வரும் பாலையா பெரியப்பா, எல்லாவற்றுக்கும் மேலே பத்மினி. பன்னிரண்டு கட்டில் போட்ட அறையில், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அவனும் கூடவே பாடியிருக்கிறான். வாளி தாயே வாளி. ஒரு நாளும் அது பக்கெட்டாகக் கேட்டதில்லை. அதை அவளிடம் சொல்ல நினைத்த போதெல்லாம் நா எழவில்லை.

"பாடண்டி, பாடண்டி" என்று தெலுங்கில் பாடச் சொன்னார் சாமியார், பீடத்திலிருந்து. யாரும் வாயைத் திறக்கவில்லை.

சின்னப்பன் கீபோர்டை விட்டு நகர்ந்து, ஜனங்களுக்கு நடுவில் வந்து நின்றான்.

"வாளி தாயே வாளி..."

சுருதி எங்கேயோ போனது. முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். முகம் எரிந்தது. இரண்டாவது தடவையும் அதையேதான் பாடினான், வாளி என்றே. எங்கிருந்தோ, அரை அடி பிந்தி, பாலையாவின் குரல் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போது கரெண்ட் வந்தது. முதுகுக்குப் பின்னால் கீபோர்டின் சிவப்பு விளக்கு எரிந்தது, அவன் திரும்பவில்லை. தலைக்கு மேலே விசிறி சுற்றத் தொடங்கியது. பத்மினியின் மடியில் மூடிக் கிடந்த நோட்டு இப்போது திறந்திருந்தது. காற்றில் புரளப் பார்த்த பக்கத்தை அவள் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தது.